நெல்லு மலிவு, அரிசி ஏன் விலை? பெட்ரோல் டீசல் பத்தி வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த லெட்டர்ல பாதிக்கு மேல பெட்ரோல், டீசல், கேஸ் பத்திதான். குடியாத்தம், ஆரணி, காட்பாடி, அணைக்கட்டு, ராணிப்பேட்டை, ஆம்பூர்னு பழைய வட ஆற்காடு முழுக்க ஒரே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதுக்கு மட்டும் உக்காந்து எழுதறேன்.

சார், நான் குட்டியானை வெச்சு ஓட்டறேன். குரூட் விலை இறங்கிடுச்சுன்னு டிவியில சொல்றாங்க, பங்க்குக்குப் போனா அதே விலைதான் கீது. இன்னா சார் கணக்கு இது? (குடியாத்தம் வாசகர்)

டிவியில சொல்றது குரூடோட, அதாவது சுத்திகரிக்காத கச்சா எண்ணெயோட பேரல் கணக்கு, நீங்க போடறது லிட்டர் கணக்கு, முதல்ல அதைப் பிரிச்சுக்கலாம். ஒரு பேரல்னா 159 லிட்டர். டாலர் 85 ரூபான்னு வெச்சுக்குங்க, பேரலுக்கு 1 டாலர் இறங்கினா லிட்டருக்கு வர்ற வித்தியாசம் சுமார் 53 பைசா. 10 டாலர் இறங்கினா அஞ்சு ரூபா சொச்சம். இது நியாயமா உங்க டேங்க் வரைக்கும் வந்து சேரணும், ஆனா நடுவுல ரெண்டு பேர் நிக்கறாங்க. ஒண்ணு ரிஃபைனரி மார்ஜின், அதாவது குரூடை டீசலா ஆக்கறதுக்கு மார்க்கெட் குடுக்கற கூலி, இன்னொண்ணு வரி. குரூட் இறங்கற நேரத்துல இந்தக் கூலி ஏறினா உங்களுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. குரூட் இறங்கற நேரத்துல வரியை ஏத்தினாலும் அதே கதைதான். 2025 ஏப்ரல்ல மத்திய அரசு எக்சைஸ் வரியை லிட்டருக்கு 2 ரூபா ஏத்துச்சு, பங்க் விலை மாறல, ஏன்னா குரூட் இறங்கி இருந்துச்சு, அந்த இறக்கம் அப்படியே வரிக்குப் போயிடுச்சு.

இன்னொரு விஷயம் நம்மள்ல நிறைய பேர் மறந்துட்டோம். 2017 ஜூன் 16லேர்ந்து விலை தினமும் மாறணும்னுதான் ஏற்பாடு. ஆனா 2022 ஏப்ரல், மே மாசத்துக்கு அப்புறம் 2024 மார்ச் வரைக்கும், கிட்டத்தட்ட ரெண்டு வருஷம், விலை அசையவே இல்ல. மொதல்ல கம்பெனிங்க அடக்க விலையை விடக் குறைச்சு வித்து அடி வாங்கினாங்க, 2022 ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் மூணு அரசு எண்ணெய் கம்பெனிக்கும் சேர்த்து 18,000 கோடிக்கு மேல நஷ்டம். அப்புறம் குரூட் இறங்கினதும் விலையைக் குறைக்காம அந்தப் பள்ளத்தை நிரப்பினாங்க, அதுவரைக்கும் நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா 2023-24ல அதே மூணு கம்பெனியோட லாபம் சேர்த்து 80,000 கோடியைத் தாண்டுச்சு, அதுல ஜனங்களுக்கு வந்தது 2024 மார்ச்சுல லிட்டருக்கு 2 ரூபா. தினம் அம்பது கிலோமீட்டர் காய்கறி ஏத்திட்டுப் போற உங்கள மாதிரி ஆளுக்கு அப்பவே இன்னும் குறைச்சிருக்கணும்னு நான் உறுதியா நினைக்கறேன்.

ரிஃபைனரி கெபாசிட்டி கெபாசிட்டின்னு பேப்பர்ல எழுதறாங்களே, அது ஏன் விலையில வந்து நிக்குது? நான் ரைஸ் மில்லுல வேலை பாக்கறேன், எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. (ஆரணி வாசகர்)

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றது ரொம்ப சுலபம்ங்க, ஏன்னா நீங்க தினம் பாக்கறதேதான் இது. எங்க மாமா ஒருத்தர் ஆரணியில மில்லுல கணக்கு எழுதிட்டு இருந்தாரு, லீவுக்குப் போனா அங்கதான் கெடப்பேன், அறுப்பு சீசன்ல வாசல்லேர்ந்து ரோடு வரைக்கும் நெல்லு லாரி நிக்கும். நெல்லு மலை மாதிரி குமிஞ்சு கிடக்கும், விலையும் அடிமாட்டு விலை, ஆனா மில்லு ஒரு நாளைக்கு எவ்வளவு அரைக்க முடியுமோ அவ்வளவுதான் அரைக்கும். அந்த வாரம் ரெண்டு மில்லுல மோட்டார் போயிடுச்சுன்னு வைங்க. நெல்லு இன்னும் இறங்கும், ஏன்னா வாங்க ஆளில்ல, அரிசி ஏறும், ஏன்னா கடைக்கு வரல, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் முழுக்க ஓடற மில்லுக்காரர் கைக்குப் போகும். குரூட்னா நெல்லு, பெட்ரோல் டீசல்னா அரிசி, ரிஃபைனரி கெபாசிட்டின்னா ஊர்ல இருக்கற மொத்த அரவை சக்தி. பேரல் கணக்குல அந்த வித்தியாசத்தைத்தான் மார்ஜின்னு சொல்றாங்க.

அதோட நெல்லை அரைச்சா அரிசி மட்டும் வராது இல்லையா, உமி வரும், தவிடு வரும், நொய் வரும், அரிசி மட்டும் வேணும்னு எந்த மில்லாலயும் அரைக்க முடியாது. குரூடும் அப்படித்தான். சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள்ள விட்டா மேல கேஸ், அதுக்குக் கீழ நாஃப்தா, பெட்ரோலுக்குப் போற பாகம், அப்புறம் மண்ணெண்ணெய், விமான எரிபொருள், அப்புறம் டீசல், அடியில ஃபர்னஸ் ஆயில், கடைசியா ரோடு போடற தார். உலகத்துல டீசலுக்கு மட்டும் தட்டுப்பாடுன்னா டீசலை மட்டும் ரெண்டு மடங்கு பண்ண முடியாது, கொஞ்சம் அப்படி இப்படி மாத்தலாம், அவ்வளவுதான். அதனாலதான் சில சமயம் பெட்ரோல் சும்மா இருக்கும், டீசல் மட்டும் உலக மார்க்கெட்ல பிச்சுக்கிட்டு ஏறும்.

ஈர நெல்லு விஷயமும் உங்களுக்குத் தெரியும். டிரையர் வெச்சிருக்கற மில்லுக்காரர் ஈர நெல்லைக் குறைஞ்ச விலைக்கு வாங்கி நல்ல அரிசியா ஆக்கிடுவாரு, டிரையர் இல்லாதவர் அதைத் தொடவே மாட்டாரு. குரூட்லயும் கெட்டியான, கந்தகம் ஜாஸ்தியான சரக்கு மலிவா கிடைக்கும், அதை உடைச்சு சுத்தமான டீசலா ஆக்கறதுக்குக் கூடுதல் யூனிட்டெல்லாம் வேணும். குஜராத் ஜாம்நகர்ல பக்கத்துல பக்கத்துல இருக்கற ரெண்டு ரிஃபைனரிக்கும் சேர்த்து வருஷத்துக்கு 6.82 கோடி டன் கெபாசிட்டி, ஒரே இடத்துல உலகத்துலயே பெருசு, அதோட பலம் இந்த மாதிரி மட்டமான குரூடையும் அரைக்க முடியறதுதான். 2020 ஏப்ரல் 1லேர்ந்து நம்ம நாட்டுல பிஎஸ் 6, அதாவது கந்தகம் ரொம்பக் கம்மியா இருக்கற எரிபொருள்தான் விக்கணும்னு வந்ததுக்கு அப்புறம் கந்தகத்தை எடுக்கற யூனிட் இல்லாம எந்த ரிஃபைனரியும் ஓட்ட முடியாது. அதனால கெபாசிட்டின்னா எத்தனை டன்னுங்கறது மட்டும் இல்ல, என்ன சரக்கை என்னவா ஆக்க முடியும்ங்கறதும் சேர்ந்ததுதான்.

நம்ம நாட்டுல தேவைக்கு மேல ரிஃபைனரி இருக்கு, வெளிநாட்டுக்கே ஏத்துமதி பண்றோம்னு காலேஜ்ல சொன்னாங்க. அப்ப நமக்கு மட்டும் ஏன் சார் மலிவா கிடைக்கல? (காட்பாடி, கல்லூரி மாணவர்)

தம்பி, இந்த வாரம் வந்த கேள்வியிலயே இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. காலேஜ்ல சொன்னது சரிதான். 1901ல அஸ்ஸாம் திக்பாய்ல ஆரம்பிச்சு இன்னைக்கு இருபதுக்கு மேல ரிஃபைனரி, வருஷத்துக்கு 25 கோடி டன்னுக்கு மேல கெபாசிட்டி, அமெரிக்கா, சீனா, ரஷ்யாவுக்கு அடுத்து நாமதான். 2023-24ல நாம எரிச்சது 23 கோடி டன் சுத்தி, வெளிய வித்தது 6 கோடி டன் சுத்தி. ஆனா அரைக்கற நெல்லு நம்முது இல்ல தம்பி, குரூட்ல நூத்துக்கு 85 பங்குக்கு மேல கப்பல்ல வருது. மில்லு நம்மூர்ல இருக்கு, வயல் இராக்லயும் ரஷ்யாவுலயும் சவூதியிலயும் இருக்கு.

அதுக்கு மேல விலை போடற முறைன்னு ஒண்ணு இருக்கு. சென்னை மணலி ரிஃபைனரியில அரைச்ச டீசலுக்கு மணலியில என்ன செலவாச்சுன்னு கணக்குப் பாத்து விலை போடறதில்ல. இதே டீசலை வெளிநாட்டுலேர்ந்து கப்பல்ல கொண்டு வந்திருந்தா கப்பல் கூலி, இன்சூரன்ஸ், சுங்க வரி எல்லாம் சேர்த்து என்ன ஆகியிருக்கும்ங்கறதுக்கு நூத்துக்கு 80 பங்கு, வெளிய வித்திருந்தா என்ன கிடைச்சிருக்கும்ங்கறதுக்கு 20 பங்கு, இப்படிக் கலந்து ரிஃபைனரி வாசல் விலை வருது. மத்திய அரசு போட்ட ரங்கராஜன் கமிட்டி சொல்லி 2006லேர்ந்து இதுதான் நடைமுறை. பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010 ஜூன்ல எடுத்தாங்க, டீசலுக்கு 2014 அக்டோபர்ல எடுத்தாங்க, ஆனா அடிப்படைக் கணக்கு இதுவேதான். அதனால நம்ம மில்லுக்காரர் எவ்வளவு சிக்கனமா அரைச்சாலும் அந்த மிச்சம் கம்பெனி லாபமா நிக்கும், பங்க் விலையில தெரியாது. அந்த லாபம் அரசு கம்பெனிக்குப் போனா டிவிடெண்டா கொஞ்சம் அரசாங்கத்துக்கு வரும், தனியாருக்குப் போனா பங்குதாரருக்குப் போகும்.

இது வெறும் புத்தகக் கணக்குன்னு நினைக்காத. 2022 ஜூன்ல ஒரு நாள் பள்ளிகொண்டா தாண்டி ஹைவேல போயிட்டு இருந்தேன், ஒரு தனியார் பங்க்ல கயிறு கட்டி ஸ்டாக் இல்லைன்னு போர்டு மாட்டிட்டாங்க, அடுத்த பங்க்ல லாரி வரிசை சர்வீஸ் ரோடு வரைக்கும் நின்னுச்சு. டீசல் நாட்டுல இல்லாம இல்ல. ஆசியா மார்க்கெட்ல அந்த மாசம் டீசல் மார்ஜின் பேரலுக்கு 50 டாலரைத் தாண்டிப் போச்சு, லிட்டருக்குக் கணக்குப் போட்டா அரவைக் கூலி மட்டும் 24 ரூபாக்கு மேல. சாதாரண நாள்ல அது மூணு ரூபா, அஞ்சு ரூபா. உள்ளூர்ல விலை ஏத்த முடியல, வெளிய அவ்வளவு விலை, தனியார்க்காரங்க வெளிய அனுப்பறதுலயே கண்ணா இருந்தாங்க. ஜூலை 1ந்தேதி மத்திய அரசு ஏத்துமதி டீசலுக்கு லிட்டருக்கு 13 ரூபா, பெட்ரோலுக்கு 6 ரூபான்னு வரி போட்டு அதை அடக்குச்சு, அந்த வரியை 2024 டிசம்பர்லதான் முழுசா எடுத்தாங்க. மில்லு நம்ம ஊர்ல இருக்கறதால என்ன லாபம்னா, இந்த மாதிரி நேரத்துல அரசாங்கத்தால கையைப் பிடிச்சு நிறுத்த முடிஞ்சுது. மில்லே இல்லாத நாடு அன்னைக்குக் கேட்ட விலையைக் குடுத்துத்தான் வாங்குச்சு.

பெட்ரோல்ல நூத்துக்கு 20 பங்கு எத்தனால் கலக்கறாங்களே, அதனால விலை குறையாதா? (வாலாஜாபேட்டை வாசகர்)

குறையாதுங்க. 2024-25ல மக்காச்சோளத்துலேர்ந்து எடுக்கற எத்தனாலுக்கு கம்பெனிங்க லிட்டருக்கு 71.86 ரூபா குடுத்தாங்க, அப்ப வரி இல்லாத பெட்ரோலோட அடக்கம் 50லேர்ந்து 55 ரூபா சுத்திதான். குரூட் இறக்குமதி மிச்சமாகும், கரும்பு, சோளம் போடற விவசாயிக்குப் பணம் போகும், அந்தக் காரணத்துக்காக அதை ஆதரிக்கலாம். விலை குறையும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

எங்கேயோ வெளிநாட்டுல ரிஃபைனரி மூடினா, தீப்பிடிச்சா, என் டிராக்டருக்கு டீசல் விலை ஏன் ஏறணும்? நம்ம டெல்டாவுல எண்ணெய் கிடைக்குதே, அதை எடுத்தா போதாதா? (அணைக்கட்டு, விவசாயி)

ஐயா, ரெண்டாவது கேள்விக்கு மொதல்ல வர்றேன். எண்ணெய் கிடைச்சா மட்டும் போதாதுங்கறதுக்கு நைஜீரியா சாட்சி. ஆப்பிரிக்காவுல குரூட் எடுக்கறதுல முன்னணி நாடு, அரசாங்கத்துக்கு நாலு ரிஃபைனரி, ஒரு நாளைக்கு 4,45,000 பேரல் அரைக்கற சக்தி காகிதத்துல இருந்துச்சு, பராமரிப்பு இல்லாம எல்லாம் படுத்துடுச்சு. குரூடை வித்து அந்தக் காசுல பெட்ரோலை இறக்குமதி பண்ணி பங்க் வாசல்ல ராத்திரி பகலா க்யூவுல நின்னாங்க, வருஷக்கணக்கா. கடைசியில லாகோஸ் பக்கத்துல தனியார் ஒருத்தர் ஒரு நாளைக்கு 6,50,000 பேரல் அரைக்கற டாங்கோட்டே ரிஃபைனரியைக் கட்டி 2024ல ஓட விட்டாரு, அந்த செப்டம்பர்லதான் அதுலேர்ந்து பெட்ரோல் வெளிய வந்துச்சு. ஈரான்லயும் 2007ல பெட்ரோலுக்கு ரேஷன் வெச்சாங்க, எண்ணெய்க் கடல் மேல உக்காந்திருக்கற நாடு, அரைக்க மில்லு பத்தல.

இப்ப மொத கேள்வி. 2008 ஜூலையில குரூட் பேரல் 147 டாலர் வரைக்கும் போச்சு, அதுதான் இன்னைக்கு வரைக்கும் உச்சம்னு எல்லாரும் சொல்ற விலை. அப்ப அமெரிக்காவுல ஒரு கேலன், அதாவது 3.78 லிட்டர் பெட்ரோல் சராசரியா 4.11 டாலர். 2022 ஜூன்ல குரூட் 120 டாலர் சுத்திதான், ஆனா பெட்ரோல் கேலன் 5 டாலரைத் தாண்டுச்சு. நெல்லு குறைவு, அரிசி ஜாஸ்தி. 14 வருஷத்துல டாலரோட மதிப்பு கொறஞ்சதும் இதுல உண்டு, ஆனா பெரிய காரணம் மில்லு கொறஞ்சதுதான். கொரோனாவுல வண்டி ஓடல, ரிஃபைனரிங்க நஷ்டத்துல மூடினாங்க, அமெரிக்காவுல மட்டும் ஒரு நாளைக்கு 10 லட்சம் பேரல் அரைக்கற சக்தி போச்சு. அதுக்கு முன்னாடியே 2019 ஜூன்ல ஃபிலடெல்ஃபியாவுல 3,35,000 பேரல் ரிஃபைனரி வெடிச்சுத் தீப்பிடிச்சு நிரந்தரமா மூடியாச்சு. ஜனங்க வண்டியை எடுத்துட்டு வெளிய வந்தப்ப மில்லு இல்ல, அந்த நேரத்துல உக்ரைன் சண்டையும் சேர்ந்து ரஷ்யா டீசலும் சிக்கலாயிடுச்சு. அமெரிக்காவுல பெரிய ரிஃபைனரின்னு புதுசா கட்டினது கடைசியா லூசியானா கேரிவில்ல, அது ஓட ஆரம்பிச்சது 1977. ஒண்ணு கட்ட வருஷக்கணக்கா ஆகும், முப்பது வருஷம் ஓடினாத்தான் போட்ட காசு வரும், அதுக்குள்ள எல்லாரும் பேட்டரி வண்டிக்குப் போயிட்டா என்ன பண்றதுன்னு பணம் போடறவங்க யோசிக்கறாங்க.

முன்னாடி சொன்னேனே, நம்ம டீசல் விலையில 80 பங்கு இறக்குமதி விலையை வெச்சுன்னு. அந்தக் கயிறு வழியாத்தான் ஃபிலடெல்ஃபியா தீ அணைக்கட்டு டிராக்டர் வரைக்கும் வருது. உழவு சீசன்ல உங்களுக்கு லிட்டருக்கு நாலு ரூபா ஏறினா ஏக்கருக்கு எவ்வளவு ஏறும்னு எனக்குத் தெரியும், எங்க வீட்லயும் வாடகை டிராக்டர்தான்.

கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் தாண்டி ஆந்திரா பக்கம் போனா பெட்ரோல் ஏழெட்டு ரூபா ஜாஸ்தி. அந்த ஊர் ரிஃபைனரி வேறயா? (காட்பாடி வாசகர்)

ரிஃபைனரி வேறயா இருந்தாலும் வாசல் விலையில பெருசா வித்தியாசம் வராது, இது முழுக்க வரி. தமிழ்நாட்டுல பெட்ரோலுக்கு வாட், அதாவது மாநில விற்பனை வரி 13 சதவீதம், கூட லிட்டருக்கு 11.52 ரூபா. 2021 ஆகஸ்ட்ல பட்ஜெட்ல 3 ரூபா குறைச்சப்ப வந்த கணக்கு இது. ஆந்திராவுல 31 சதவீதம், அதுக்கு மேல 4 ரூபா, ரோடு செஸ் 1 ரூபா. அதனாலதான் சித்தூர் வண்டியெல்லாம் காட்பாடியில டேங்க் ரொப்பிட்டுப் போகுது. வரின்னா எவ்வளவுன்னு கண்ணால பாக்கணும்னா இந்த செக்போஸ்ட்தான் இடம்.

மணலியை இன்னும் பெருசு பண்ணினா, நாகப்பட்டினம் புது ரிஃபைனரி வந்தா, நம்ம பக்கம் விலை குறையுமா? (ராணிப்பேட்டை, சிப்காட் தொழிலாளி)

மணலி ரிஃபைனரி 1965ல மெட்ராஸ் ரிஃபைனரீஸ்னு ஆரம்பிச்சது, நம்ம அரசாங்கம், அமெரிக்காவோட ஆமோகோ, ஈரான் தேசிய எண்ணெய் கம்பெனி மூணு பேர் கூட்டு. 1969ல ஓட ஆரம்பிச்சப்ப 25 லட்சம் டன், இன்னைக்கு 1.05 கோடி டன். நாகை பக்கத்துல பனங்குடியில 1993லேர்ந்து சின்னதா ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சு, அதை நிறுத்திட்டு அதே இடத்துல 90 லட்சம் டன்ல புதுசு கட்டறதுக்கு 2021 பிப்ரவரியில பிரதமர் அடிக்கல் நாட்டினாரு. வந்தா தமிழ்நாட்டோட அரவை சக்தி கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும்.

விலை குறையுமான்னா, பங்க் போர்டுல தெரியற மாதிரி குறையாது. வாசல் விலை உலக விலை, வரி அதே வரி. ஆனா ஒண்ணு நடக்கும், புயல் மழைன்னு மணலி நின்னாலும் சரக்கு தட்டுப்பாடு வராது. 2015 வெள்ளத்துல சென்னை முடங்கினப்ப இங்க நாம எப்படித் தவிச்சோம்னு உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வேலையும் வரும், பிளாஸ்டிக், பெயிண்ட், கெமிக்கல் கம்பெனிக்கு மூலப்பொருள் பக்கத்துலயே கிடைக்கும், அது சிப்காட்டுக்கு நல்லது. பாலாறு தோல் கழிவுல என்ன ஆச்சுன்னு பாத்த ஊர்க்காரனா ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், நாகையில கட்டறப்ப தண்ணி எங்கேர்ந்து எடுக்கறாங்க, கழிவை எங்க விடறாங்கன்னு அந்த ஊர் ஜனங்களுக்கு முன்கூட்டியே எழுத்துல சொல்லணும்.

ரிஃபைனரி இவ்வளவு இருக்குன்னா கேஸ் சிலிண்டர் ஏன் அண்ணா இந்த விலை? மூணு பசங்க வீடு, மாசத்துக்கு ஒண்ணு பத்தல. (ஆம்பூர், குடும்பத் தலைவி)

தங்கச்சி, மேல நெல்லு அரைக்கற கதை சொன்னேன் இல்லையா, அதுல கேஸ்ங்கறது கொஞ்சமா வர்ற பாகம். நம்ம நாடு வருஷத்துக்கு 3 கோடி டன் சுத்தி எரிக்குது, உள்ளூர்ல தயாராகறது 1.3 கோடி டன் சுத்திதான், மீதி அறுபது சதவீதத்துக்கு வளைகுடாவுலேர்ந்து கப்பல் வரணும். இன்னும் நாலு ரிஃபைனரி கட்டினாலும் இந்த ஓட்டை முழுசா அடையாது. விலை சவூதி அராம்கோ மாசாமாசம் போடற விலையை வெச்சு ஆரம்பிக்குது, அதுக்கு மேல கப்பல் கூலி, டாலர் ரேட். வீட்டு சிலிண்டரை அரசாங்கம் அடக்கி வெச்சுக்கிட்டுத்தான் வருது, அதுல வந்த நஷ்டத்துக்குக் கம்பெனிகளுக்கு 2022ல 22,000 கோடி குடுத்தாங்க. 2023 ஆகஸ்ட்ல 200 ரூபா, 2024 மார்ச்சுல 100 ரூபா குறைச்சாங்க, 2025 ஏப்ரல்ல 50 ரூபா ஏத்தினாங்க. ஏழைக் குடும்பத்துக்கு உஜ்வலா கனெக்‌ஷன்ல தனியா மானியம் உண்டு. உங்க பேர்ல ரேஷன் கார்டும் ஆதாரும் இருந்து, வீட்ல வேற கனெக்‌ஷன் இல்லன்னா, ஏஜென்சியில உஜ்வலாவுக்கு இப்ப அப்ளிகேஷன் வாங்கறாங்களான்னு ஒரு தடவை நேர்ல போய்க் கேட்டுப் பாருங்க. ஏற்கனவே அதுல இருந்தீங்கன்னா பேங்க் பாஸ்புக்குல மானியம் ஏறியிருக்கான்னு பாருங்க, ஏறலன்னா ஆதார் இணைப்புலதான் பெரும்பாலும் சிக்கல் இருக்கும்.